சமாதானம் செய்ய யாருக்குத் தகுதி உண்டு? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னவரைப் பின்பற்றும் திருச்சபை, போரை ஏற்றுக்கொண்டது எப்படி? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: தொடக்க நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ எழுத்தாளர்களில் தெர்த்துல்லியன், ஓரிஜென் போன்றவர்கள் போர்த்தொழிலைக் கடுமையாக மறுத்தார்கள். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தைத் தழுவிய பிறகு, நாட்டைக் காக்கும் பொறுப்பும் கிறிஸ்தவர்களின் கைக்கு வந்தது. தாக்கப்படும் அப்பாவியைக் காப்பதற்காக ஆயுதம் ஏந்துவதும் அன்பின் கடமையாகலாம் என்று புனித அகுஸ்தீன் வாதிட்டார். 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இதற்கு மூன்று நிபந்தனைகள் வகுத்தார்: போரை அறிவிக்க உரிமையுள்ள ஆட்சி, நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். போருக்குக் கடிவாளமாக வகுக்கப்பட்ட இந்த நிபந்தனைகளை அனுமதிச் சீட்டாக ஆட்சியாளர்கள் பயன்படுத்தியதையும், அதைப் பல ஆயர்கள் தடுக்காமல் இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

எல்லாச் சபைகளும் இதை ஏற்கவில்லை. மென்னோனைட்டுகள் தொடக்கம் முதலே வாளை மறுத்தார்கள். குவேக்கர்கள் 1660இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸிடம், எந்தக் காரணத்துக்காகவும் தாங்கள் ஆயுதம் எடுப்பதில்லை என்று எழுத்து மூலமாகவே அறிவித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் நிலையும் மாறிவருகிறது. நியாயமான போர் என்று பேசுவதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் அளவுகோல்களை இக்காலத்தில் நாடுவது மிகக் கடினம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் வெளியிட்ட சுற்றுமடலில் எழுதினார்.

கேள்வி: ருவாண்டாவில் ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்களே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் சமாதானம் பேசும் தகுதி சபைக்கு உண்டு என்கிறீர்களா? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 1994இல் துட்சி இன மக்களைக் குறிவைத்த இனப்படுகொலையின்போது ந்யமாத்தா, ந்தராமா ஆலயங்களில் நடந்த கொலைகளை எந்த விளக்கமும் தணித்துவிடாது. குருவானவர் ஒருவரே இனப்படுகொலைக் குற்றத்துக்காகப் பன்னாட்டு நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்காக மன்னிப்பு வேண்டினார். ஆனால் இந்த வீழ்ச்சியின் வேர் அதற்கு முன்பே ஊன்றியிருந்தது. தலைநகர் கிகாலியின் பேராயர், ஆளும் கட்சியின் மத்தியக் குழுவில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். அரண்மனையோடு அவ்வளவு நெருங்கியிருந்த சபை, அரண்மனை கொலைக்குத் துணிந்தபோது உரிய குரல் எழுப்ப முடியாமல் போனது.

இதே ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1975இல் போர்ச்சுக்கலிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாட்டில், ஆளும் ஃபிரெலிமோ கட்சிக்கும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களுக்கும் 1977 முதல் நடந்த போரில் துப்பாக்கியாலும் பசியாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. விடுதலைக்குப் பின் சபைகளின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் ஃபிரெலிமோ அரசுடைமையாக்கியிருந்தது. ஆகவே அரசின் ஆதரவில் திளைக்கும் நிலையில் ஆயர்கள் இல்லை. ரெனாமோவின் கொடுமைகளை நேரில் கண்டவர்கள் என்பதால் ஆயர்களுக்குக் கிளர்ச்சியாளர்கள் மீதும் மயக்கம் இல்லை. அரசு ரெனாமோவினரை 'ஆயுதக் கொள்ளையர்' என்று மட்டுமே அழைத்த காலத்தில், அவர்களோடு பேசியே ஆக வேண்டும் என்று ஆயர்கள் மேய்ப்புமடல்களில் எழுதியது துணிச்சலான செயல். பெய்ரா பேராயர் ஜெய்மி கொன்சால்வஸ் 1988இல் காட்டுக்குள் சென்று ரெனாமோ தலைவர் த்லகாமாவைச் சந்தித்தார். மறுஆண்டு பிற சபைத் தலைவர்களும் நைரோபியில் ரெனாமோவினரோடு பேசினார்கள்.

1990 ஜூலையில் இரு தரப்பினரும் ரோமின் த்ராஸ்தேவரே பகுதியில் உள்ள பழைய கன்னியர் மடம் ஒன்றில் கூடினார்கள். அது 1968இல் மாணவர்கள் சிலர் தொடங்கிய சந்த் எஜிதியோ என்ற பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத இறைமக்கள்) சமூகத்தின் இல்லம். நடுவர்களாக அதன் நிறுவனர் அந்திரேயா ரிக்கார்தி, குருவானவர் மத்தேயோ சுப்பி, பேராயர் கொன்சால்வஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபாயெல்லி ஆகியோர் அமர்ந்தார்கள். முதல் கூட்டத்தின் அறிக்கையிலேயே இரு தரப்பினரும் தங்களை ஒரே நாட்டு மக்கள் என்றும் ஒரே மொசாம்பிக் குடும்பத்தினர் என்றும் ஒப்புக்கொண்டதுதான் என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. 'கொள்ளையர்' என்ற பெயர் அந்த மேசையில் நீடிக்க முடியாமல் போயிற்று. 27 மாதங்கள் பேச்சு இழுத்தது, பல முறை முறிந்தது, மீண்டும் தொடங்கியது. 1992 அக்டோபர் 4 அன்று அதிபர் சிசானோவும் த்லகாமாவும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஜெபத்தால் மட்டுமே இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பனிப்போர் முடிந்திருந்தது, ரெனாமோவுக்குத் துணைநின்ற தென்னாப்பிரிக்கா மாறிக்கொண்டிருந்தது, வறட்சி இரு படைகளையும் வாட்டியது. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த ஐ.நா. படையும் வந்தது. ஆனால் படையோ கருவூலமோ இல்லாத அந்தச் சிறிய சமூகத்தைக் கண்டு எந்தத் தரப்பும் அஞ்சத் தேவைப்படவில்லை. உங்கள் கேள்விக்கு இதுவே என் பதில்: அதிகாரத்தோடு கைகோத்த சபைக்குச் சமாதானம் பேசும் தகுதி இல்லை, இரு தரப்பிடமும் ஆதாயம் தேடாத சபைக்கு உண்டு.

கேள்வி: மொசாம்பிக்கில் ஒப்பந்தத்தோடு எல்லாம் மறக்கப்பட்டுவிட்டதா? உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு என்ன நீதி கிடைத்தது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கையெழுத்தான சில நாள்களில் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டுட்டு தலைமையில் அமைந்ததுபோன்ற உண்மை அறியும் ஆணையம் அங்கே அமையவில்லை. இது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். தன் பிள்ளையைக் கொன்றவர் யார் என்று அறியாத தாயிடம் மன்னிக்கச் சொல்ல, மேய்ப்பர் உட்பட எவருக்கும் உரிமை இல்லை. மன்னிப்பு அவளாகவே தர வேண்டியது.

ஆயுதங்களைப் பொறுத்தவரை சபைகள் சும்மா இருக்கவில்லை. பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்ற ஏசாயாவின் வாக்கை அப்படியே பின்பற்றி, ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானேயின் முயற்சியில் மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம் 1995இல் ஒரு திட்டம் தொடங்கியது. துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தவர் மண்வெட்டியோ மிதிவண்டியோ தையல் இயந்திரமோ பெற்றுச் சென்றார். செயலிழக்கச் செய்யப்பட்ட ஆயுதங்களிலிருந்து கலைஞர்கள் சிற்பங்கள் செய்தார்கள். அவற்றில் ஒரு நாற்காலி இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆயினும் ரெனாமோவிடம் ஆயுதம் தாங்கிய ஒரு பிரிவு மிஞ்சியிருந்தது. 2013இல் மீண்டும் மோதல் வெடித்தது; 2019இல் புதிய ஒப்பந்தம் தேவைப்பட்டது. 5,000-க்கும் மேற்பட்ட போராளிகள் ஆயுதத்தை ஒப்படைத்து, ரெனாமோவின் கடைசி முகாம் மூடப்பட்டது 2023இல்தான்.