டர்போ காரின் கியர் பாக்ஸ் சாதா காரில் சேருமா?

கேள்வி: என்னிடம் இருப்பது டர்போ இல்லாத சுபாரு இம்பிரெசா, மேனுவல், நான்கு சக்கரமும் இழுக்கும். இரண்டாம் கியருக்கு மாற்றும்போதெல்லாம் கரகரவென்று கடிக்கிறது. 2002 டபிள்யூஆர்எக்ஸ் (இம்பிரெசாவின் டர்போ மாடல்) ஒன்றிலிருந்து கழற்றிய ஐந்து கியர் பாக்ஸ் கிடைக்கிறது. அப்படியே மாட்டிவிடலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் 'அப்படியே' முடியாது. எஞ்சினோடு சேரும் போல்ட் துளைகள் ஒத்துப்போய்விடும். பலர் ஏமாறுவதும் அங்கேதான். போல்ட் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

சுபாருவில் முன் டிஃபரென்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பின் டிஃபரென்ஷியல் தனியாகப் பின்னால் தொங்குகிறது. ஆகவே கியர் பாக்ஸை மாற்றினால் முன் சக்கரங்களின் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற அதை ஓட்டும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு, மாறும். பின்னால் பழையதே இருக்கும். டர்போ இல்லாத வண்டிகளில் 4.11 பரவலாக உண்டு. அமெரிக்காவில் விற்ற 2002–2005 டபிள்யூஆர்எக்ஸில் முன் விகிதம் 3.90, பின்னால் 3.54. இதென்ன, ஒன்றுக்கொன்று சேரவில்லையே என்று தோன்றும். சேரும். அந்தப் பெட்டியில் பின்பக்கம் போகும் சுழற்சியை 1.1 மடங்கு குறைக்கும் இன்னொரு ஜோடிப் பல்சக்கரம் இருக்கிறது. 3.54-ஐ 1.1-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 3.90 வரும்.

இப்போது அந்தப் பெட்டியை 4.11 உள்ள உங்கள் வண்டியில் வைத்தால், முன் சக்கரம் 100 சுற்று சுற்றும்போது பின் சக்கரம் 86 சுற்றுதான் சுற்றப் பார்க்கும். சாலையோ எல்லாச் சக்கரத்தையும் ஒரே வேகத்தில் ஓடச் சொல்லும். இந்த இழுபறியை முழுக்க நடுவில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் (முன்னையும் பின்னையும் கெட்டியான திரவத்தால் பிணைக்கும் பாகம்) தாங்க வேண்டும். எப்போதாவது திருப்பத்தில் வழுக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஓடும் நேரமெல்லாம் வழுக்கினால் சூடேறிக் கெட்டுவிடும். டயரும் சேர்ந்து தேயும்.

உங்கள் பின் விகிதத்தை நீங்களே எண்ணிவிடலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் (கியர் பாக்ஸிலிருந்து பின் டிஃபரென்ஷியலுக்குப் போகும் நீளத் தண்டு) சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தை மெதுவாக 20 சுற்று சுற்றுங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். ஷாஃப்ட் 41 சுற்றியிருந்தால் 4.11, 39 என்றால் 3.90, முப்பத்தைந்தரை என்றால் 3.54. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால் மற்றது இரட்டிப்பாகச் சுற்றுகிறது. அதனால்தான் பத்துக்குப் பதில் இருபது.

என் யோசனை, பெட்டி வாங்கும்போதே அதே வண்டியின் பின் டிஃபரென்ஷியலையும் சேர்த்து வாங்குங்கள். தனியாகத் தேடி அலைவது பெரிய தலைவலி.

அடுத்தது கிளட்ச். டர்போ இல்லாத வண்டியில், கிளட்ச்சை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங், கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் தள்ளும். இந்த டர்போ பெட்டியில் இழுக்கும். இரண்டையும் கலக்க முடியாது. பிளைவீல், பிரஷர் பிளேட், கிளட்ச் தட்டு, ஃபோர்க், பேரிங் எல்லாம் பெட்டியோடு ஒரே செட்டாக வரட்டும். உங்களுடையது கேபிள் கிளட்ச் என்றால் ஹைட்ராலிக் சிலிண்டர்களும் வேண்டும். இழுக்கும் வகையைப் பிற்பாடு கழற்ற நேர்ந்தால், பெல் ஹவுசிங்கில் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) இருக்கும் அடைப்பானைத் திறந்து, 6 மி.மீ. போல்ட்டை முறுக்கி ஃபோர்க்கின் அச்சை முதலில் உருவிவிட வேண்டும். இது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பி ஹவுசிங்கை உடைத்தவர்கள் உண்டு.

ஸ்பீடோமீட்டர் கேபிளா சென்சாரா, ஆக்ஸில் முனைகள் ஒன்றா என்று பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள். டர்போ பெட்டியின் கியர்கள் நீளமானவை, அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும். மேட்டில் வண்டி முன்பைவிடச் சற்றுச் சோம்பலாகத் தெரியும், அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக, காசு கொடுக்கும் முன் அந்தப் பெட்டியின் ஆயில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் பரவாயில்லை. விரலில் குத்தும் துண்டு ஏதாவது இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். உங்கள் பழைய பெட்டிக்கே இரண்டாம் கியர் சிங்க்ரோனைசரை (கியர் மாறும்போது வேகத்தை ஒத்துவரச் செய்து கடிக்காமல் சேர்க்கும் பாகம்) மாற்றிவிடலாம். மேலே சொன்ன எந்தத் தொல்லையும் அதில் இல்லை.