தைராய்டு குறைவும் உடல் எடையும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44, உயரம் 155 சென்டிமீட்டர். மூன்றாண்டுகளுக்கு முன்பு ஓயாத அசதிக்கும் அதிக உதிரப்போக்குக்கும் பரிசோதித்தபோது, தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் உயரும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 38 என்று வந்தது. அன்று முதல் 75 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சென்ற மாதம் பார்த்ததில் 7.2 இருந்தது. நான்காண்டுகளில் என் எடை 64 கிலோவிலிருந்து 78 கிலோ ஆகிவிட்டது.

காலை ஐந்தரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கையோடு காபியும் குடித்துவிட்டுத்தான் சமையலைத் தொடங்குவேன். ஏழேகாலுக்குப் பேருந்து. காலைச் சிற்றுண்டியாக இட்லி, அது முடிந்ததும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள். மதியத்துக்கு டப்பாவில் எலுமிச்சை சாதமோ புளிசாதமோ, உருளைக்கிழங்கு வறுவலோடு. மாலை நாலரைக்குப் பசி காதை அடைக்கும். டீயும் இரண்டு வடையும் சாப்பிடுவேன். ஆறு மாதமாக இரவு உணவை நிறுத்திவிட்டேன். இரண்டு கிலோ குறைந்து மறுபடியும் ஏறிவிட்டது. முட்டைக்கோஸ், காலிபிளவர் வாங்குவதில்லை. சமையலுக்கு இந்துப்புதான்.

மாத்திரையை இரண்டாகப் போட்டால் எடை தானாக இறங்கும் என்கிறார் உடன் பணிபுரியும் ஒருவர். வாட்ஸ்அப்பில் விற்கும் ‘தைராய்டு பொடி’யை வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். ‘வாயைக் கட்ட முடியாமல் தைராய்டைச் சாக்குச் சொல்கிறாய்’ என்று என் நாத்தனார் உறவினர் கூட்டத்தில் சொன்னார். அன்றிரவு நான் தூங்கவில்லை. தை மாதம் மகளுக்குத் திருமணம். நான்கு மாதம் இருக்கிறது. தைராய்டு உள்ளவர்களுக்கு எடை குறையவே குறையாது என்பது உண்மையா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உண்மையில்லை. குறையும். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உங்கள் உடலுக்குத் தைராய்டு ஹார்மோன் இன்னும் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பது ஒன்று. நான்காண்டுகளில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதோடு போராடுவதால்தான் இவ்வளவு களைத்துப் போயிருக்கிறீர்கள். முதலாவது சரியானாலே இரண்டாவதும் தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தாலோ மறுபடியும் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஏறிய 14 கிலோவில் தைராய்டின் பங்கு எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தைராய்டு சுரப்புக் குறைவால் ஏறும் எடை பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் ஐந்து கிலோதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். ஹார்மோன் குறையும்போது தோலுக்கு அடியிலும் பிற திசுக்களிலும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒருவகைச் சர்க்கரைச் சேர்மங்கள் சேர்கின்றன. முகம் உப்புவதும், கண் இமை தடிப்பதும், காலையில் மோதிரம் இறுகுவதும் அதனால்தான். டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு முன்பும் ஓராண்டு சிகிச்சைக்குப் பின்பும் நோயாளிகளின் உடலில் கொழுப்பு எவ்வளவு, பிற திசு எவ்வளவு என்று தனித்தனியே அளந்து பார்த்தார்கள். சராசரியாக நான்கு கிலோவுக்குச் சற்று மேல் எடை குறைந்திருந்தது. கொழுப்பின் அளவு மாறவே இல்லை. வெளியேறியது நீர்தான். பன்னிரண்டு பேரை மட்டுமே வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது என்றாலும், அறைக்கு வரும் நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் நான் கண்டதும் அதுவே.

அப்படியானால் மீதி ஒன்பது, பத்து கிலோ எங்கிருந்து வந்தது? நாத்தனார் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடாதா? ஆகாது. டி.எஸ்.எச். 38 இருந்த உடலில் தசை சீக்கிரம் சோர்ந்துபோகும், மாடிப்படி மலைபோலத் தெரியும், கிடைத்த நேரத்தில் உட்காரத்தான் உடல் கேட்கும். அதிக உதிரப்போக்கால் வந்த ரத்தச்சோகை அந்த அசதியை இரட்டிப்பாக்கியிருக்கும். நாற்பதைக் கடந்த பெண்ணுக்குத் தசை மெல்லக் குறைவதும், மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்குவதும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. இத்தனையையும் சுமந்துகொண்டு ஏழேகால் பேருந்தைத் தவறவிடாமல் பிடித்து, நாள் முழுவதும் நின்று பாடம் நடத்திவிட்டு வரும் பெண்ணைப் பார்த்துச் சாக்குச் சொல்கிறாய் என்று கூட்டத்தில் சொல்வது கொடுமை. உங்கள் அசதி கற்பனையன்று. அதை யாருக்கும் நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருப்பது தெரியவந்தது. அந்த உறவினர் கூட்டத்திலேயே இன்னும் சிலர் இருந்திருக்கக்கூடும்.

இனி உங்கள் காலைப் பொழுதுக்கு வருகிறேன். என்னிடம் வருபவர்களிடம், போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். மேசையில் பரப்பி, எழுந்தது முதல் எதை எப்போது வாயில் போடுகிறீர்கள் என்று கேட்பேன். ‘வெறும் வயிற்றில்தான் டாக்டர் போடுகிறேன்’ என்பார்கள் எல்லோரும். அடுத்து என்ன என்று கேட்டால் பத்தில் பாதிப் பேர் காபி என்பார்கள். உங்கள் தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் குடலில் அரைகுறையாகவே உறிஞ்சப்படும் மருந்து. காபி அதை இன்னும் குறைக்கிறது; 2008இல் இத்தாலிய மருத்துவர்கள் இதை நோயாளிகளிடமும் தன்னார்வலர்களிடமும் சோதித்துக் காட்டினார்கள். அவர்கள் கொடுத்தது பாலில்லாத காபி. நம் வீட்டுக் காபியில் பாலின் கால்சியமும் சேர்கிறது. அதன்பின் ஒன்றரை மணி நேரத்துக்குள் கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் போடுகிறீர்கள். இரண்டுமே தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்பவை. 75 மைக்ரோகிராம் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. அதில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்பது வேறு கணக்கு.

ஆகவே நாளை காலை எழுந்தவுடன், ஐந்து மணிக்கே, வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். காபி ஆறு மணிக்கு. இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும், கால்சியத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் மாற்றிக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இவை இரண்டும் ஒன்றையொன்று தடுப்பவை என்பதால் சேர்த்தும் போட வேண்டாம். ஆறு மணிவரை காபிக்குக் காத்திருக்க முடியாதவர்கள், இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது தைராய்டு மாத்திரையைப் போடலாம்; அப்போது கால்சியத்தை இரவில் போடக் கூடாது. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் இரவில் போட்டவர்களின் டி.எஸ்.எச். நன்றாகவே குறைந்தது. எந்த வேளையானாலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

இந்த மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அதனால் புதிய பழக்கத்தின் விளைவை ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் பரிசோதனையில் பார்க்க முடியும். தலைமுடிக்காக பயோட்டின் கலந்த மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது சோதனை முடிவைப் பொய்யாக்கும். சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 75 போதாமலும் இருக்கலாம். ஆனால் காபியை விலக்குவதையும் அளவை உயர்த்துவதையும் ஒரே வாரத்தில் செய்தால் ஹார்மோன் வேண்டிய அளவைத் தாண்டிவிடும். உங்கள் மருத்துவரிடம் காபி விஷயத்தைச் சொல்லிவிட்டு, அளவை எப்போது மாற்றுவது என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

மாத்திரையை இரட்டிப்பாக்கும் யோசனை நூற்றாண்டுப் பழமையானது. 1891இல் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி இந்நோய்க்கு முதன்முதலாக வெற்றிகரமான சிகிச்சை அளித்தார் இங்கிலாந்தின் ஜார்ஜ் மர்ரே. சில ஆண்டுகளுக்குள்ளேயே, சுரப்பியில் குறையே இல்லாதவர்கள் மெலிவதற்காக அதைச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். மெலியத்தான் செய்தார்கள், கொழுப்போடு தசையும் கரைந்தது, எலும்பு தேய்ந்தது, இதயம் தாறுமாறாகத் துடித்தது. உடல் எடையைக் குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது, மிகையான அளவில் உயிருக்கே ஆபத்து என்ற எச்சரிக்கையை அமெரிக்காவில் இம்மருந்தின் குறிப்பேட்டில் கட்டம் கட்டி அச்சிடுகிறார்கள். பொடியைப் பற்றியும் அதே கவலைதான் எனக்கு. அமெரிக்காவில் கடைகளில் தைராய்டு நலத்துக்கென்று விற்ற பத்துப் பொருள்களைச் சோதித்து 2013இல் வெளியிட்டபோது, அவற்றில் ஒன்பதில் தைராய்டு ஹார்மோனே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாத ஒன்றை, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் நீங்கள் தொடவே வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. இரவு உணவை நிறுத்தியது உங்களுக்கு உதவவில்லை, இனியும் உதவாது. நாள் முழுவதும் நீங்கள் உண்பதில் புரதம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். இட்லியின் உளுந்திலும், டீயின் பாலிலும், வடையிலும் கொஞ்சம். டப்பாவில் சாதத்துக்குத் துணையாகக் கிழங்கு. அதனால்தான் நாலரைக்குப் பசி காதை அடைக்கிறது. அந்த நேரத்தில் எண்ணெயில் பொரித்த எதைக் கண்டாலும் கை போகும், அது மனவுறுதிக் குறைவு அன்று. டப்பாவில் சாதத்தைப் பாதியாக்கி, மறுபாதியில் அவித்த கொண்டைக்கடலையோ, தட்டைப்பயறோ, முட்டையோ, கீரைக்கூட்டோ வையுங்கள். முதல் நாள் இரவு ஊறப்போட்ட ஒரு கைப்பிடிப் பயறு காலையில் குக்கரில் சாதத்தோடு சேர்ந்தே வெந்துவிடும். தனி அடுப்பும் வேண்டாம், தனி நேரமும் வேண்டாம். மாலையில் சுண்டலும் மோரும். இரவில் எட்டு மணிக்குள், இரண்டு தோசையைக் கெட்டியான சாம்பாரோடு சாப்பிடுங்கள்.

எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. தாளிக்கும்போது சட்டியில் கவிழ்க்கும் கை இதை அறியாது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கிட்டு, அந்த மாதத்துக்கு உரியதை மட்டும் ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்துப் புழங்கினால், வீட்டில் எல்லோருக்குமே நன்மை.

முட்டைக்கோஸ், காலிபிளவரை வேகவைத்துச் சாப்பிடுவதில் தவறே இல்லை. குறைந்த செலவில் வயிறு நிறைக்கும் காய்களை ஏன் விலக்குகிறீர்கள்?

நடைப்பயிற்சியைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் தசையைப் பற்றிச் சொல்கிறேன். கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமருங்கள். சற்று இளைப்பாறிவிட்டு மீண்டும் ஒருமுறை. சுவரில் இரு கைகளையும் ஊன்றி உடலை முன்னும் பின்னும் சாய்த்து எழுங்கள். வாரத்தில் மூன்று நாள் இது போதும். டி.எஸ்.எச். சரியாகும்வரை மெதுவாகவே செய்யுங்கள். அதற்கு முன்பு வலிந்து செய்தால் தசைவலிதான் மிஞ்சும்.

தை மாதத்துக்குள் 14 கிலோ இறங்காது. நேர்மையாகச் சொன்னால், நான்கு முதல் ஆறு கிலோ இறங்கலாம். அதில் ஒரு பகுதி உடல் பிடித்து வைத்திருந்த நீராக இருக்கும். எடையில் ஐந்து விழுக்காடு, அதாவது உங்களுக்கு நான்கு கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும், முழங்காலின் சுமை குறையும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் முக்கியம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். எடைக்கருவியை வாரம் ஒருமுறைக்கு மேல் மிதிக்காமல், மாதம் ஒருமுறை இடுப்பை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். ரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதாகச் சோதனையில் வந்திருந்தால், டி.எஸ்.எச். சரியான பிறகு இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவே அதை உயர்த்தும், மாத்திரை சரியாக வேலை செய்யும்போது அதுவும் இறங்குவதுண்டு. எட்டு மணி நேரம் தூங்கியும் அசதியோடு எழுகிறீர்கள், குறட்டை விடுகிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; தூக்கத்தில் மூச்சு தடைபடுவது உடல் பருத்தவர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது.

கடைசியாக இந்துப்பு. கடைகளில் விற்கும் இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்படுவதில்லை. அதற்கு மாறியதால் உங்கள் தைராய்டு சரியாகப் போவதில்லை. நம் நாட்டில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதுதான். ஆனால் அதே உப்பில்தான் உங்கள் மகளும் சாப்பிடுகிறார். திருமணமாகப் போகும் பெண்ணுக்குக் கருத்தரிக்கும் முன்பே உடலில் அயோடின் போதிய அளவு இருக்க வேண்டும். கருவின் மூளை வளர்ச்சிக்கு முதல் மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். இன்றே அயோடின் கலந்த உப்புக்குத் திரும்புங்கள். இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. ஆகவே எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மகளையும் உடன் அழைத்துச் சென்று அவருக்கும் டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள். இருவரின் முடிவுகளையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்