ஆக்சலாட்டில் பெரிய தொட்டிக்குப் போகுது

கேள்வி: சார், ரெண்டு ஆக்சலாட்டில் (பல்லி மாதிரி இருக்கற, தண்ணிலயே வாழற சாலமாண்டர்) வளக்கறேன், 2 அடி தொட்டி பத்தல, 4 அடி வாங்கியாச்சு, தண்ணி ரொப்பி அன்னைக்கே மாத்திடலாமா? – வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேணாம் தம்பி. புது தொட்டில கழிவ உடைக்கற பாக்டீரியா இருக்காது, கழிவுலேர்ந்து வர்ற அமோனியாங்கற விஷம் ஏறி செவுள் புண்ணாயிடும். பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சுல பாதிய கழுவாம அப்படியே புதுசுல போட்டு, பாக்டீரியாவுக்காக தினம் துளி தீனியும் போட்டு ஓட விடுங்க, ஸ்பாஞ்சுல இருக்கற பழுப்பு அழுக்குலதான் பாக்டீரியாவே இருக்கு, டெஸ்ட் கிட்ல அமோனியா, அது மாறி வர்ற நைட்ரைட் ரெண்டும் 0 காட்டி அப்படியே நிக்கணும், சில வாரம் ஆகும், பரவால்ல.

எனக்கு பெரிய கவலை நம்மூரு வெயில்தான். மெக்சிகோ சோச்சிமில்கோ ஏரி ஜீவன் அது, 16–18 டிகிரி தண்ணிதான் ஒத்துக்கும், 24 தாண்டினா பாவம், சாப்பாட்டயே நிறுத்திடும். கடலோர ஈரக்காத்துல ஃபேன் வெச்சா தண்ணி அவ்வளவா குளிராது, தொட்டி அளவுக்கு ஏத்த சில்லர் (தண்ணிய குளிர வைக்கற மெஷின்) கண்டிப்பா வாங்குங்க.

கூழாங்கல் போடாதீங்க, தீனியோட உறிஞ்சி முழுங்கிட்டா குடல் அடைச்சுக்கும்.

புடிக்க வலை வேணவே வேணாம், விரலும் செவுள் குஞ்சமும் மாட்டிக்கும், ஒரு டப்பாவ உள்ள இறக்கி தண்ணியோடயே மொண்டுடுங்க. மாத்தினப்புறம் செவுள் முன்பக்கமா வளைஞ்சோ வால் நுனி சுருண்டோ இருந்தா உடனே தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க.