இருபதைப் பன்னிரண்டாக்கியது – வாசகர் கடிதம்

வணக்கம் அக்கா,

வார்ப்பிரும்புச் சட்டியில் தோசை வார்ப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்தே உங்களுக்கு எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒஹாயோவில், கொலம்பஸில் இருக்கிறேன். மூன்று வருடங்களாக, ஏப்ரல் பிறந்தால் அக்டோபர் வரைக்கும் எனக்குச் சனிக்கிழமை காலை என்றால் கராஜ் சேல்தான், அதாவது வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் போட்டு விற்கிற இடங்களுக்குப் போவதுதான். ஏழரைக்கே காரை எடுத்துவிடுவேன்.

5 டாலருக்கு ஒரு கிரிஸ்வால்ட் வார்ப்பிரும்புச் சட்டி, 8 டாலருக்கு ஒரு பெட்டி நிறைய எல்பி ரெக்கார்டு என்று நிறைய சேர்ந்துவிட்டது. பக்கவாட்டுக் கிராதி ஏறி இறங்கும் மரத்தொட்டில் ஒன்றும் 15 டாலருக்குக் கிடைத்தது. மச்சினிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, அதற்காக வாங்கினேன். ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது போன மே மாதம் கிடைத்த சிங்கர் ஃபெதர்வெய்ட் தையல் இயந்திரம். கணவரை இழந்த ஒரு பாட்டி விற்றார். 20 டாலர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அங்கேயே ப்ளக்கில் மாட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. ஆனாலும் ‘பழைய மெஷின், உதிரிப் பாகம் கிடைக்காது’ என்று சொல்லி 12க்கு முடித்தேன். ஈபே இணையதளத்தில் 350க்குப் போனது!

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. செத்தவர் வீட்டுச் சாமான் நமக்கு எதற்கு என்கிறாள். கராஜில் சாமான் நிற்கிறது, கார் வெளியே பனியில் நிற்கிறது. இது பொழுதுபோக்கா, வியாதியா? ஆகஸ்டில் 127ஆம் நெடுஞ்சாலை நெடுகப் பழைய சாமான் விற்கிற சேலுக்கும் போக ஆசை. யோசனை சொல்லுங்கள்.

எஸ்., கொலம்பஸ்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த சமயத்தில் நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் எதிர்வீட்டு அம்மாள் வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்குப் போகிறார். அவருடைய கராஜ் சேலுக்கு நான்தான் கூடமாட ஒத்தாசை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கேட்டவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செத்தவர் வீட்டுச் சாமான் என்பதையெல்லாம் பெரிதுபண்ண வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் வாழ்ந்து போனார்களோ. வியாதியா என்ற கேள்விக்கும் என்னிடம் நீண்ட பதில் இல்லை. கார் பனியில் நிற்கிறது என்றால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, கராஜைக் காலி செய்யுங்கள். அப்புறம், அந்தக் கிரிஸ்வால்ட் சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். தூண்டில் குண்டுக்கும் துப்பாக்கி ரவைக்கும் ஈயம் உருக்க இந்த ஊரில் பழைய வார்ப்பிரும்புச் சட்டியைத்தான் எடுப்பார்கள். மேலே எண்ணெய் ஏற்றிப் பளபளவென்று வைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

இனி தையல் இயந்திரம்.

ஃபெதர்வெய்ட் எனக்கு நன்றாகத் தெரியும். சிங்கர் கம்பெனி 1933இல் கொண்டுவந்தது. அலுமினிய உடம்பு, 5 கிலோதான் எடை. கறுப்பு எனாமல் மேல் தங்க நிறத்தில் கொடி ஓடும். இடதுபக்கப் பலகையை மேல்நோக்கி மடித்துப் பெட்டிக்குள் வைத்தால் சின்னப் பிள்ளைகூடத் தூக்கிக்கொண்டு போகும். பெட்டியைத் திறந்ததும் ஒரு புழுக்க வாடை வரும், வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் லேசில் போகாது. நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஆனால் அந்தத் தையலைப் போல ஒழுங்கான தையலைப் புது மெஷின்களில் நான் பார்க்கவில்லை. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற பெண்கள் இதற்காக அலைகிறார்கள். நானும் என் ரவிக்கைகளை இதில்தான் தைத்துக்கொள்கிறேன்.

உதிரிப் பாகம் கிடைக்காது என்று அந்தப் பாட்டியிடம் சொன்னீர்கள். கிடைக்கும். பெல்ட், பாபின், பாபின் கேஸ், அடியில் வைக்கிற எண்ணெய் உறிஞ்சும் கம்பளித் துணி வரைக்கும் இன்றைக்கும் புதிதாகவே விற்கிறார்கள். ஈபேயில் என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்த உங்களுக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டே சொன்னீர்கள். எட்டு டாலருக்காகச் சொன்னீர்கள். முந்நூறு டாலருக்கு மேல் லாபம் கையில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த எட்டு டாலரையும் விடாமல் பிடுங்க ஒரு பொய்.

எனக்குக் கோபம் வந்தது தம்பி. அதை மறைக்கவில்லை.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1996இல் அரிசோனாவில் ஒரு எஸ்டேட் சேலில், அதாவது இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கிற இடத்தில், இரண்டு ஓவியங்கள் 60 டாலருக்கு விற்றன. மார்ட்டின் ஜான்சன் ஹீட் என்ற 19ஆம் நூற்றாண்டு ஓவியர் வரைந்தவை என்று பிறகு தெரிந்தது. கிறிஸ்டீஸ் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போயின. விற்ற குடும்பம் வழக்குப் போட்டது. விலை தெரியாமல் விற்றது உங்கள் பாடு என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரான்ஸிலும் அப்படித்தான். ஒரு வயதான தம்பதி பரணைக் காலி செய்யும்போது ஓர் ஆப்பிரிக்க முகமூடியைப் பழைய சாமான் வியாபாரியிடம் 150 யூரோவுக்குக் கொடுத்தார்கள். 2022இல் அது 42 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அடுத்த வருடம் தீர்ப்பு வியாபாரிக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆகவே உங்களை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. நான் பேசுவது கோர்ட்டைப் பற்றி இல்லை.

நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் 2007இல் கராஜ் சேலில் 3 டாலருக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கியது. வீட்டில் அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள். ஆயிரம் வருடப் பழமையான சீனத்து சோங் காலக் கிண்ணம் என்று பிற்பாடு தெரியவந்து, 2013இல் சோதபீஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்குப் போனது. அதில் யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கேட்ட மூன்று டாலரைக் கொடுத்தார்கள். அதிர்ஷ்டம் எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டில் தங்கிவிட்டது. அந்த அரிசோனாக்காரர்களும் வாங்கும்போது தெரியாமல்தான் வாங்கினார்கள்.

உங்கள் விஷயம் அப்படியா? உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். மழையிலும் பனியிலும் அலைந்து, நூறு வீடு பார்த்து, எது என்ன என்று தெரிந்துகொண்டதற்கு ஒரு கூலி உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேரம் பேசுவது என்றால், ‘நீ சொல்கிற அளவுக்கு இது பெறாது’ என்று எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது. நீங்கள் அதைச் சொன்ன நிமிடத்தில், அது அதைப் போலப் பதினேழு மடங்கு பெறும் என்று உங்களுக்குத் தெரியும்.

‘எல்லோரும்தான் பேசுகிறார்கள், இங்கே அதுதான் வழக்கம்’ என்று சொல்வீர்கள். நம் ஊரில் கீரைக்காரம்மாவிடம் பேசவில்லையா என்றும் கேட்பீர்கள். கீரைக்காரம்மாவுக்குக் கட்டு என்ன விலை என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் குறைப்பீர்கள் என்று தெரிந்துதான் ஏற்றிச் சொல்கிறார். இங்கேயும் சந்தையில் கடை போட்டிருக்கிற வியாபாரியிடம் தாராளமாகப் பேசுங்கள். ஏழெட்டுச் சாமானை மொத்தமாக எடுத்தால் குறைத்துக் கேளுங்கள். மத்தியானத்துக்கு மேல், மிச்சத்தைத் திரும்ப உள்ளே தூக்கி வைக்க வேண்டுமே என்று அலுத்துப்போய் நிற்பவரிடம் பாதி விலைக்குக் கேட்டால் அவரே சந்தோஷமாகக் கொடுப்பார். ஒரு பாட்டி தன் வீட்டு வாசலில் மடக்கு மேஜை போட்டு வைத்திருக்கிற சாமான் வேறு. அவர் வியாபாரி இல்லை. ஒரு குடித்தனத்தைக் கலைத்துக்கொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டு அம்மாளின் கதைக்கு வருகிறேன். சேலுக்கு முந்தின நாள் மாலை நானும் அவரும் மாஸ்கிங் டேப்பைக் கிழித்துக் கிழித்து விலை எழுதி ஒட்டினோம். விலை எப்படி வைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காபிக் கறை படிந்த ஒரு டீப்பாய்க்கு 25 டாலர் போட்டார், அந்தக் காலத்தில் அதற்கு நிறையக் கொடுத்தார்களாம். கணவருடைய ஸ்டான்லி கம்பெனி இழைப்புளிகள் ஆறு இருந்தன. ஒவ்வொன்றையும் கையில் எடுத்தார், மேலே இருந்த தூசியை முந்தானையால் துடைப்பது போல மேல்சட்டை ஓரத்தால் துடைத்தார், ஒன்றுக்கு மூன்று டாலர் என்று எழுதினார். பிள்ளைகளைக் கேட்டாராம், யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் மனசில் அந்த விலையை வைத்தது அந்த ‘வேண்டாம்’தான். மரவேலைக்காரர்கள் அவற்றை என்ன பாடுபட்டுத் தேடுகிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எட்டு மணிக்கு ஆரம்பம் என்று போர்டு எழுதி வைத்திருந்தோம். ஏழு மணிக்கு முன்னாலேயே, நாங்கள் கராஜ் கதவைத் தூக்கும்போதே, கையில் டார்ச்சோடு ஒருவர் வந்து நின்றார். நேராக இழைப்புளிகளிடம் போனார். ஒன்றைக் கவிழ்த்தார், இரும்பில் இருந்த முத்திரையை டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றுமே இல்லாதது போல வைத்துவிட்டார். தோட்டத்துக் குழாயைக் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தார், அதைப் பற்றி விசாரித்தார். போகிற போக்கில் கேட்பது போல, “இதுகளை எல்லாம் சேர்த்துப் பத்துக்குக் கொடுத்துவிடுகிறீர்களா, துருப்பிடித்துக் கிடக்கிறதே” என்றார். அம்மாள் சரி என்று தலையாட்டினார். முதல் போணி. அவர் குழாயை வாங்கவில்லை.

அவை ஈபேயில் என்ன விலைக்குப் போகும் என்று அன்று மாலை இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் அம்மாளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய தொகை அவரை ஒன்றும் செய்யவில்லை. தெரிந்தவன் சம்பாதித்துக்கொள்ளட்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் கேட்டதே பதினெட்டுதானே, அதைக் கொடுத்திருக்கலாமே” என்றார். அப்புறமும் ஒரு தடவை அதையே சொன்னார். முப்பது வருடம் அந்த வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இழைத்தவருடைய சாமானைத் துருப்பிடித்தது என்று ஒருவர் அவர் காதுபடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் கடிதத்தில் இருந்த ‘பழைய மெஷின்’ என்ற வார்த்தையைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாளின் குரல்தான் கேட்டது.

அந்தப் பாட்டியின் தெரு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போங்கள். எட்டு டாலரை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒரு நூறு டாலராவது கொண்டுபோய், நல்ல விலைக்குப் போனது, உங்களுக்கும் சேர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அதில் அவர் என்னவெல்லாம் தைத்தார் என்று கேளுங்கள். உங்களை நல்ல பிள்ளை என்றுதான் நினைக்கிறேன், இல்லையென்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

127 நெடுஞ்சாலைக்குக் கட்டாயம் போய் வாருங்கள். 1987இல் டென்னசியில் ஆரம்பித்தது. இன்டர்ஸ்டேட் என்கிற பெரிய விரைவுச்சாலையில் பறந்துகொண்டிருக்கிறவர்களை ஊர்களுக்குள் இழுக்கலாம் என்ற யோசனை. இப்போது எங்கள் மிச்சிகனில் அடிசனிலிருந்து அலபாமாவில் காட்ஸ்டன் வரைக்கும் 690 மைல், ஆறு மாநிலம். ஆகஸ்ட் முதல் வியாழக்கிழமை தொடங்கி ஞாயிறு வரை நடக்கும். நீங்கள் 70ஆம் இன்டர்ஸ்டேட்டில் மேற்கே போனால் ஈட்டன் பக்கத்தில் சாலையைப் பிடித்துவிடலாம். முழுத் தூரமும் போக ஆசைப்படாதீர்கள், ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். ஒரு டாலர் நோட்டாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள், தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். அங்கே பாதிப் பேர் தொழில்முறை வியாபாரிகள். அவர்களிடம் ஆசை தீரப் பேரம் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தொட்டில். கிராதி ஏறி இறங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைத் தொட்டிலை அமெரிக்காவில் 2011 ஜூன் 28 முதல் விற்கவே கூடாது, பழையதாக இருந்தாலும், கராஜ் சேலாக இருந்தாலும். கிராதி கழன்று, இடுக்கில் சிக்கி, முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததால் வந்த தடை அது. உங்களுக்கு விற்றவருக்குத் தெரிந்திருக்காது, உங்களுக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. மச்சினியிடம் கொடுக்க வேண்டாம். ஈபேயில் போட வேண்டாம். ‘இலவசம்’ என்று எழுதி வாசலிலும் வைக்க வேண்டாம். பிரித்து, நான்கு பக்கக் கிராதிகளையும் ரம்பத்தால் அறுத்து, துண்டு துண்டாகக் குப்பையில் போடுங்கள். முழுசாக வைத்தால் குப்பை வண்டி வருவதற்கு முன்னால் உங்களைப் போல யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்புடன்,
அக்கா