டபுள் ஐபிஏ வாங்கும் முன் கேனைக் கவிழ்த்துப் பாருங்கள்

கலிஃபோர்னியாவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து பீர் பற்றிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஏறக்குறைய எல்லாமே டபுள் ஐபிஏ (ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல்) போன்ற, ஹாப்ஸ் தூக்கலான, ஆல்கஹாலும் கூடுதலான, சிறு ஆலைகளின் கிராஃப்ட் பீர்களைப் பற்றியவை என்பதால் இந்த வாரம் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அலுவலக நண்பர்கள் ஒரு டபுள் ஐபிஏவைப் புகழோ புகழ் என்று புகழ்ந்தார்கள். மாம்பழம், நாரத்தை, பைன் மரம் என்று வாசனைகளை அடுக்கினார்கள். அதே பீரை 4 கேன்கள் கொண்ட கட்டாக 21 டாலர் கொடுத்து வாங்கினேன். எனக்குக் கிடைத்தது பாகு போன்ற இனிப்பும் நனைந்த அட்டைப்பெட்டி வாசனையும்தான். என் நாக்கில் கோளாறா?

பதில்: நாக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் குடித்தது பழைய பீர். காலி கேனை இன்னும் எறியவில்லை என்றால் அடிப்பாகத்தைப் பாருங்கள். நான்கைந்து மாதத்துக்கு முந்தைய தேதி ஒன்று இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

இந்த வகை பீரில் நீங்கள் காசு கொடுப்பது ஹாப்ஸுக்காக. அது ஒரு கொடியில் பூக்கும் பூ. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு கொதிக்கும்போது போட்டால் கசப்பு இறங்கும். அடுப்பை அணைக்கும் நேரத்திலோ, நொதித்து முடிந்த பீரிலோ போட்டால் வாசனை இறங்கும். டபுள் ஐபிஏவில் இரண்டாவது வேலைக்குத்தான் ஹாப்ஸ் அள்ளி அள்ளிக் கொட்டப்படுகிறது. அந்த வாசனை எண்ணெய்களுக்கு ஆயுள் குறைவு. காப்பிக்கொட்டையை அன்றன்று வறுத்து அரைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாசனை போனதும் அடியில் பதுங்கியிருந்த மால்ட் இனிப்பு மேலே வரும். கேனுக்குள் சிக்கிய சொற்ப ஆக்ஸிஜன் அந்த அட்டை வாசனையைக் கொண்டுவரும். குடித்தால் உடம்புக்கு எதுவும் ஆகாது; கொடுத்த காசுக்குத்தான் ஆகும்.

தயாரிப்பாளர்களே இதைக் கூரையேறிச் சொல்கிறார்கள். சான்டா ரோசாவின் ரஷ்யன் ரிவர் நிறுவனம் 'பிளினி தி எல்டர்' என்ற தன் டபுள் ஐபிஏ பாட்டிலின் லேபிள் முழுக்க, குளிரில் வையுங்கள், சீக்கிரம் குடியுங்கள், சேமித்து வைக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதியிருக்கிறது. ஸ்டோன் நிறுவனம் ஒரு படி மேலே போய், குடித்து முடிக்க வேண்டிய தேதியையே பீரின் பெயராக்கி 'என்ஜாய் பை' என்று விற்கிறது. அடைத்து ஐந்து வாரம்தான் அதற்குக் கெடு. இதையெல்லாம் படித்திருந்தும் நான் ஒரு முறை பிளினி பாட்டில் ஒன்றை மைத்துனர் ஊரிலிருந்து வரட்டும் என்று ஏழு மாதம் பத்திரப்படுத்தினேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

ஆகவே கடையில் பெயரையும் மதிப்பெண்ணையும் பார்க்குமுன் தேதியைப் பாருங்கள். அடைத்து ஒரு மாதத்துக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இரண்டு மாதம் என்றால், குளிர்பெட்டியில் இருந்ததை மட்டும். மூன்று மாதம் தாண்டியதை நான் தள்ளுபடி விலையிலும் தொடுவதில்லை. அறை வெப்பத்தில் கோபுரமாக அடுக்கி வைத்திருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் விழும் ஜன்னலோரத்தில், பச்சை அல்லது நிறமற்ற பாட்டிலில் இருப்பது இன்னும் மோசம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டுச் சிதைந்து, ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றத்தைக் கொடுக்கும். பழுப்பு பாட்டில் பெருமளவு காக்கும், கேன் முழுமையாகவே காக்கும்.

கேள்வி: கேனின் அடியில் தேதிக்குப் பதிலாக 074 என்பது போல ஒரு எண் இருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

பதில்: அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 074 என்றால் மார்ச் 15, லீப் ஆண்டில் மார்ச் 14. சில நிறுவனங்கள் அடைத்த தேதியை விட்டுவிட்டு, எந்தத் தேதிக்குள் குடிக்கலாம் என்பதை மட்டும் அச்சிடும். அது அடைத்ததிலிருந்து மூன்று மாதமாகவும் இருக்கலாம், ஆறு மாதமாகவும் இருக்கலாம் என்பதால் 'இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே' என்று மகிழ வேண்டாம். எந்தத் தேதியுமே இல்லாத கேன் என்றால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: நம் ஊர் டாஸ்மாக்கில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீரிலும் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உண்டு. டபுள் ஐபிஏவிலும் 8 சதவீதம். பிறகு எதற்கு இவ்வளவு விலை?

பதில்: ஆல்கஹால் ஏறும் வழி வேறு. அங்கே மால்ட்டோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை என்று மலிவான சரக்கைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். ஹாப்ஸ் பெயருக்குத்தான். குடிப்பவரும் வாசனையைத் தேடி அதை வாங்குவதில்லை. டபுள் ஐபிஏவில் ஹாப்ஸ்தான் கதாநாயகன். அத்தனை கசப்பைத் தாங்க பீருக்கு உடம்பு வேண்டும் என்பதால் மால்ட்டைக் கூட்டுகிறார்கள், அதனால் ஆல்கஹாலும் கூடுகிறது.

இந்த வகை பிறந்த கதையும் வேடிக்கையானது. 1994இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் டெமெக்குலாவில் பிளைண்ட் பிக் என்ற சிறு ஆலையைத் தொடங்கிய வின்னி சிலர்சோவிடம் இருந்தவை பழைய சாமான்கள். அவற்றால் வரக்கூடிய குறைகள் தெரியாமல் இருக்க முதல் பீரிலேயே ஹாப்ஸை இரு மடங்காக்கி, மால்ட்டையும் கூட்டினார். குழம்பு அடிபிடித்தால் பெருங்காயத்தைத் தூக்கலாகப் போடும் அதே சமையற்கட்டுத் தந்திரம். அதைத்தான் வணிகத்துக்கு வந்த முதல் டபுள் ஐபிஏ என்று பலரும் சொல்கிறார்கள். பிளினியைப் பின்னர் உருவாக்கியவரும் அவரே.

கேள்வி: எப்படிக் குடித்தால் இதன் ருசி பிடிபடும்? முதல் வாயிலேயே கசப்பு ஆளைத் தூக்கிப் போடுகிறது.

பதில்: முதலில், ஐஸ் போல இருக்கும்போது குடிக்காதீர்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து பத்து நிமிடம் கழித்து, 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை வந்த பிறகு ஊற்றுங்கள். அதற்குக் கீழே வாசனை எழும்பாது, கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஃப்ரீசரில் வைத்து உறைபனி பூத்த கிளாஸ் விளம்பரத்துக்கு அழகு. வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடிக் கிளாஸ் போதும். (வெர்மான்ட்டின் 'ஹெடி டாப்பர்' கேனில் மட்டும், கேனிலிருந்தே குடியுங்கள் என்று கட்டளை இருக்கிறது. நான் கீழ்ப்படிவதில்லை.)

பாதிக் கிளாஸுக்கு மேல் ஊற்றாதீர்கள். முதலில் முகருங்கள். எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசனையா, பழுத்த பப்பாளியா, மாங்காய்ப் பாலா, ஈர மரமா என்று உங்களுக்குத் தெரிந்த பொருள்களிலேயே தேடுங்கள். லேபிளில் போட்டிருக்கும் பேஷன் ஃப்ரூட்டைச் சாப்பிட்டிராதவர் அதைத் தேடித் தவிக்க வேண்டியதில்லை. பிறகு சின்ன வாயாகக் குடித்து, விழுங்கியபின் சற்றுப் பொறுங்கள். கசப்பு தாமதமாக வந்து தாமதமாகப் போகும். அது பாகற்காய் வறுவல் போல நறுக்கென்று முடிகிறதா, தொண்டையைக் கீறிக்கொண்டு நிற்கிறதா என்பதில்தான் நல்ல பீருக்கும் மோசமான பீருக்கும் வித்தியாசம். மூன்றாவது வாய்க்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

மிளகாய்த்தூள் தூவிய சிப்ஸோ செட்டிநாட்டு வறுவலோ பக்கத்தில் வேண்டாம். ஹாப்ஸின் கசப்பும் ஆல்கஹாலும் காரத்தை இரட்டிப்பாக்கும். வறுத்த முந்திரியும் சீஸும் நன்றாக ஒத்துப்போகும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 473 மில்லி கேனில் 8 சதவீதம் என்றால், 4.2 சதவீத லைட் பீர் 355 மில்லி கேன் இரண்டரைக்குச் சமம். ஒரு கேனை இருவர் பகிர்வதே சரி. கார் ஓட்டி வந்தவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது.

கேள்வி: லேபிளில் கசப்பு அளவு 100 ஐபியு என்று போட்டிருப்பதை வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணுக்காக வாங்காதீர்கள். மால்ட் இனிப்பு அதிகமானால் 90 கூட மென்மையாகத் தெரியும். இனிப்பு இல்லாத வறண்ட பீரில் 50 கூடக் கடுக்கும்.

கேள்வி: கலங்கலாக, பழரசம் போல ஒன்று விற்கிறார்கள். தெளிவாக, பொன்னிறத்தில் இன்னொன்று. முதன்முதலாக வாங்குபவருக்கு எது?

பதில்: கலங்கியது வெர்மான்ட் பக்கத்தில் வளர்ந்த வகை. ஓட்ஸ், கோதுமை சேர்ப்பதால் வழவழப்பு, கசப்பு குறைவு. தெளிந்தது மேற்குக் கரை வகை. வறட்சியும் கசப்பும் அதன் குணம். நம்மவர்களில் பெரும்பாலோர் முதலாவதில் தொடங்கி இரண்டாவதுக்கு நகர்கிறார்கள். பாகற்காய்ப் பிரியர் நேரே இரண்டாவதுக்குப் போகலாம். கலங்கல் வகைதான் இன்னும் சீக்கிரம் கெடும். அழுக்குப் பழுப்பாக மாறியிருந்தால் கதை முடிந்தது.

கேள்வி: அடுத்த மாதம் சென்னை போகிறேன். அப்பாவுக்கு இதில் சில கேன்கள் கொண்டுபோகலாமா? அல்லது வயதாக வயதாக மெருகேறும் பீர் ஏதாவது உண்டா?

பதில்: இந்திய சுங்க விதிப்படி தீர்வையின்றி 2 லிட்டர் வரை மது கொண்டுபோகலாம். 473 மில்லி கேன் நான்கு எடுத்தால் 1,892 மில்லி, கணக்கு சரியாக அடங்கும். கைப்பையில் அனுமதி இல்லை, பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஆனால் வழியெல்லாம் குளிர் இல்லாமல் போய், சென்னை வெயிலில் இறங்கும் டபுள் ஐபிஏவை நான் அனுப்ப மாட்டேன். சியரா நெவாடாவின் 'பிக்ஃபுட்' எடுத்துப் போங்கள். 1983 முதல் வருகிற 9.6 சதவீத பார்லி ஒயின் அது. பெயரில் ஒயின் இருந்தாலும் பீர்தான். ஹாப்ஸ் தாராளம், ஆனால் மால்ட் அதைவிடத் தாராளம் என்பதால் வருடக்கணக்கில் தாங்கும். 355 மில்லி பாட்டில் ஐந்து வைக்கலாம். காலுறைகளைச் சுற்றிக் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள்.