ஏப்ரல் நடுவில் டோக்கியோவில் செர்ரிப் பூ இருக்குமா?

கேள்வி: ஏப்ரல் 10 முதல் 16 வரை வயதான பெற்றோருடன் டோக்கியோ செல்ல முன்பணம் கட்டிவிட்டோம். "செர்ரிப் பூவுக்கு முழு உத்தரவாதம்" என்கிறார் ஏஜென்ட். பூங்கா டிக்கெட்டுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் தனியாகக் கேட்கிறார். நம்பலாமா? - திருச்சி வாசகர்

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உவேனோ பூங்காவில் நுழைவுக் கட்டணமே கிடையாது. ஷின்ஜுகு கியோயென் தோட்டத்தில் 500 யென், ஏறக்குறைய 300 ரூபாய். 65 வயது நிறைந்தவர்களுக்கு 250 யென்தான். பெற்றோரின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். பெரியவர்களை அழைத்துச் செல்பவர்களிடம் இப்படிக் கூடுதல் வசூல் செய்வது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது.

அடுத்தது அந்த உத்தரவாதம். டோக்கியோவில் பூக்காலம் தொடங்கிவிட்டது என்று அறிவிக்க, யாசுகுனி ஆலய வளாகத்தில் உள்ள ஒரு மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்திருக்கின்றனவா என்று வானிலைத் துறையினர் நேரில் போய்ப் பார்க்கிறார்கள். 2023இல் மார்ச் 14 அன்றே விரிந்துவிட்டன. மறு ஆண்டு மார்ச் 29 வரை காக்க வைத்தன. குளிர் எவ்வளவு இருந்தது, பிறகு எவ்வளவு வெயில் ஏறியது என்பதைப் பொறுத்தது இது. அரசு நிபுணர்களே மரத்தடியில் நின்று எண்ணும் பூவுக்கு, ஆறு மாதம் முன்பே தேதி எழுதிக் கொடுப்பவரை எப்படி நம்புவது? விசா, விமானம், ஓட்டல் என எல்லாவற்றையும் பூக்கும் தேதி பற்றிய கணிப்பு வருவதற்கு முன்பே முடிக்கச் சொல்லும் ஏற்பாடுதான் இவர்களை வாழவைக்கிறது.

நகரமெங்கும் நிற்பது பெரும்பாலும் சோமெய் யோஷினோ என்ற ஒரே வகை. எல்லாம் ஒரே மரத்தின் வழிவந்த ஒட்டுக்கன்றுகள் என்பதால் ஒன்றாகவே பூத்து ஒன்றாகவே உதிரும். முழுதாக மலர்ந்தபின் ஒரு வாரம் நின்றால் அதிகம். மழை வந்தால் அதுவும் இல்லை. நீங்கள் போகும் நாள்களில் பெரும்பாலும் அது முடிந்திருக்கும்.

ஆனால் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். அடுக்கு மல்லி போல இதழ் அடர்ந்த செர்ரிகளும் உண்டு, யாஎஸாகுரா என்பார்கள். இவை தாமதமாக, ஏப்ரல் நடுவில்தான் மலரும். வெளிர் இளஞ்சிவப்பில் இச்சியோ, அடர்ந்த நிறத்தில் கான்சான் என ஷின்ஜுகு கியோயெனில் இந்த மரங்கள் நிறையவே இருக்கின்றன. கனமான பூக்கள் என்பதால் கிளை தாழ்ந்து தொங்கும். உங்கள் பெற்றோர் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. சோமெய் யோஷினோவைவிட இவற்றின் பூ அதிக நாள் நிற்கும். ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதே இல்லை, ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது மார்ச் மாதப் படங்கள்.

ஆகவே பயணத் திட்டத்தில் ஏதாவது ஒரு கடைவீதியை நீக்கி, அந்த அரை நாளை ஷின்ஜுகு கியோயெனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள்; சீசனில் சில வார இறுதி நாள்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. "உத்தரவாதம்" என்ற சொல்லை ஏஜென்ட் எழுத்தில் தருவாரா என்றும், பூ இல்லையென்றால் எவ்வளவு பணம் திரும்பும் என்றும் மீதிப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.