மூன்று வருடத்தில் முடிக்காதவர் எல்லாம் தோற்றவரா?

கேள்வி: என் மகன் பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூனிவர்சிட்டிக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறான். அந்தக் கல்லூரியின் கிராஜுவேஷன் ரேட்டைத் தேடிப் பார்த்தேன், முப்பது சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பத்தில் ஏழு பேர் தேறாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா?
- ஒரு தாய், கலிபோர்னியா

பதில்: அனுப்பலாம். ஆனால் அந்த முப்பது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

கல்லூரிகள் தங்கள் கிராஜுவேஷன் ரேட்டை வெளியிட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1990-ல். அந்தக் கணக்கில் வருபவர்கள், வாழ்க்கையில் முதல்முறையாகக் கல்லூரிக்குள் நுழைந்து முதல் செமஸ்டரிலேயே முழுநேரமாக, அதாவது குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள் எடுத்தவர்கள் மட்டும்தான். இரண்டு வருடப் படிப்பை அவர்கள் மூன்று வருடத்துக்குள் முடித்தார்களா என்றுதான் பார்க்கிறார்கள். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு மாலையில் இரண்டு வகுப்பு எடுக்கும் பெண் அதில் கிடையாது. எப்போதோ பாதியில் விட்ட படிப்பை நாற்பது வயதில் வந்து தொடர்பவரும் கிடையாது. கம்யூனிட்டி காலேஜில் படிப்பவர்களில் பாதிக்கும் மேல் பகுதிநேரம் என்பதால், நீங்கள் பார்த்த எண் அந்தக் கல்லூரியின் சிறு பங்கை வைத்துத்தான் பேசுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் மகன் சொன்னபடியே செய்து, இரண்டு வருடப் படிப்புக்குத் தரும் அசோசியேட் டிகிரியை வாங்காமல் இரண்டு வருடத்தில் யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டால், அவனும் அந்த ஏழு பேரில் ஒருவன்தான்! டிரான்ஸ்ஃபர் ஆனவர்களுக்குத் தனி எண் உண்டு, பக்கத்திலேயே இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் பகுதிநேர மாணவர்களையும் வேறு கல்லூரியில் இருந்து வந்தவர்களையும் சேர்த்து, எட்டு வருடம் வரை பின்தொடரும் கணக்கு ஒன்றை ஃபெடரல் அரசு 2015-16-ல் தொடங்கியது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த ஏழு பேரில் உண்மையாகவே வெறுங்கையோடு போனவர்களும் உண்டு, அவர்களுக்கு யார் பொறுப்பு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீண்ட காலம் நடந்ததைச் சொல்கிறேன். சேரும் நாளில் ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைப்பார்கள், கணக்கில் தடுமாறினால் பள்ளிப் பாடத்தையே மறுபடி நடத்தும் ரெமிடியல் வகுப்புக்கு அனுப்புவார்கள், சிலருக்கு அப்படி வரிசையாக மூன்று வகுப்புகள், ஒன்றுக்கும் டிகிரிக்கான கிரெடிட் கிடையாது. ஒரு பேச்சுக்கு ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் பேர் தேறுகிறார்கள் என்று வையுங்கள். 100 பேர் முதல் வகுப்பில் 70 ஆகி, அடுத்ததில் 49 ஆகி, மூன்றாவது முடியும்போது 34 ஆகிவிடுவார்கள். ஒரு வகுப்பு முடித்து அடுத்ததற்குப் பதிவு செய்யாமலே நின்றுபோனவர்கள் இதில் சேரவில்லை. மூன்று ஆசிரியர்களும் என் வகுப்பில் நூற்றுக்கு 70 பேர் பாஸ் என்று நியாயமாகவே சொல்லலாம், ஆனால் 66 பேரைக் காணோம், கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

கலிபோர்னியாவில் இதை மாற்றத்தான் 2017-ல் ஏபி 705 சட்டம் வந்தது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து, முதல் வருடத்துக்குள்ளேயே டிரான்ஸ்ஃபருக்குச் செல்லுபடியாகும் கணக்கு, ஆங்கில வகுப்புகளை மாணவர் முடிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது அது. ஆகவே கல்லூரியில் போய் இதைக் கேளுங்கள்: முதல் வருடத்தில் அந்த இரண்டையும் முடிப்பவர்கள் எத்தனை பேர், அடுத்த வருடம் திரும்பி வருபவர்கள் எத்தனை பேர், ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள். அப்புறம், கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டிதான் குறி என்றால் டிரான்ஸ்ஃபருக்கென்றே உள்ள அசோசியேட் டிகிரியை வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அந்த அமைப்பில் ஏதாவது ஒரு கேம்பஸில் இடம் உறுதி. அவன் விரும்பும் கேம்பஸ்தான் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: எத்தனை பேர் படித்து முடிக்கிறார்களோ அதற்கேற்பப் பணம் என்று அரசு சொல்லிவிட்டால் கல்லூரிகள் தானாகத் திருந்திவிடாதா? எங்கள் வரிப்பணம்தானே?
- ஒரு வாசகர், டெக்சஸ்

பதில்: உங்கள் மாநிலமே 2023-ல் அந்த வழிக்குப் போய்விட்டது. டென்னசி 1979-லேயே தொடங்கியது. பணத்தைக் காட்டினால் கல்லூரி அசையும் என்பது உண்மை, எந்தப் பக்கம் அசையும் என்பதுதான் கேள்வி. வாஷிங்டன் மாநிலத்துத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது, அசோசியேட் டிகிரிகள் பெரிதாகக் கூடவில்லை, சீக்கிரம் முடியும் குறுகியகாலச் சர்டிபிகேட்டுகள்தான் கூடின. இத்தனைக்கும் நன்றாக யோசித்துப் போட்ட திட்டம் அது, முதல் 15 கிரெடிட், 30 கிரெடிட், கல்லூரி நிலைக் கணக்கு என்று வழியில் தாண்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் புள்ளி கொடுத்தது. எண்ணுக்குப் பணம் என்றால் கஷ்டப்படும் மாணவரைச் சேர்க்காமல் இருப்பதுதான் கல்லூரிக்கு மலிவான வழி. அதனால்தான் கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ்களுக்கான பணத்தில் பெரும்பங்கைச் சேர்க்கைக்கும், சுமார் 20 சதவீதத்தை ஏழை மாணவர்களின் எண்ணிக்கைக்கும், 10 சதவீதத்தை மட்டும் தேர்ச்சிக்கும் வைத்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

பலன் தந்தது எது என்று கேட்டால் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமான சியூனியின் கல்லூரிகளில் 2007-ல் தொடங்கிய அசாப் திட்டத்தைச் சொல்வேன். முழுநேரம் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குப் பதிலாக, உதவித்தொகை போக மிச்சமிருக்கும் கட்டணம், பாடப்புத்தகம், பஸ், ரயில் பயணத்துக்குக் கார்டு, அடிக்கடி சந்தித்தே ஆக வேண்டிய ஒரு ஆலோசகர். குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்ததில், மூன்று வருடத்தில் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். மாணவர்கள் ஒரே மாதிரியானவர்கள், கல்லூரி செய்த வேலைதான் வேறு. வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவர்கள் இதைக் கேட்டால் நன்றாக இருக்கும்.

கேள்வி: ஃபீஸ் கட்டுவது நான். மகளின் மார்க்கைக் கேட்டால் கல்லூரியில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பெற்றோருக்குப் பதில் சொல்லாமல் இது என்ன பொறுப்பு?
- ஒரு தந்தை, நியூஜெர்சி

பதில்: அவர்கள் சட்டப்படிதான் நடக்கிறார்கள். மாணவர் பதிவேடுகளின் ரகசியத்தைக் காக்க 1974-ல் வந்த ஃபெர்ப்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதினெட்டு ஆகாவிட்டாலும் பதிவேட்டின் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடும். வருமான வரிக் கணக்கில் மகளை உங்களைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால் கல்லூரி சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. மகள் எழுத்தில் சம்மதம் கொடுத்தாலும் சொல்லலாம். கவுண்டரில் நின்று சண்டை போடுவதைவிட மகளிடமே கேட்பது எளிது.

கேள்வி: பகுதிநேர ஆசிரியையாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பாஸ் பண்ணுபவர்கள் குறைவு, ஏற்றுங்கள் என்று துறையில் நெருக்குகிறார்கள். நான் தரத்தைக் குறைக்க வேண்டுமா?
- பெயர் வேண்டாம்

பதில்: வேண்டாம். உங்களிடம் பாஸ் ஆனவர்கள் அடுத்த கணக்கு வகுப்பில் எப்படிச் செய்கிறார்கள் என்ற விவரத்தைத் துறையில் கேட்டு வாங்குங்கள், கல்லூரியின் ஆய்வு அலுவலகத்தில் அது இருக்கும். அங்கே அவர்கள் நிலைத்து நின்றால் உங்கள் மதிப்பீட்டின் மீது யாரும் குறை சொல்ல முடியாது. அதே சமயம் ஃபெயிலானவர்கள் எந்த வாரத்தில் வருவதை நிறுத்தினார்கள் என்றும் வருகைப் பதிவேட்டில் பாருங்கள். முதல் தேர்வுக்கு முன்பே நின்றவர்கள் அதிகம் என்றால் தரத்தைக் குறைத்தும் பயனில்லை, அவர்கள் அந்தத் தேர்வையே எழுதவில்லையே. நின்ற முதல் வாரமே அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க ஆள் வேண்டும். பகுதிநேரச் சம்பளத்தில் அதையும் உங்கள் தலையில் கட்டினால், அது கல்லூரி பார்க்க வேண்டிய வேலை என்று துறைத் தலைவருக்கு எழுத்திலேயே கொடுங்கள்.